ஹெலன் கெல்லர் தேர்வு எழுதிய இரண்டு அறைகள்: ஒரே மாணவி, ஒரே கல்லூரி... மாறியது என்ன?

1899-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி. இரண்டு நாள் முன்புதான் 19 வயதை முடித்த ஒரு மாணவி, மறுநாள் நடக்கவிருக்கும் அல்ஜீப்ரா தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். மாதிரிக் கணக்குகளை விரலால் தடவித் தடவிப் படிக்கிறார். கணக்கு அவருக்குத் தெரியும். பாடம் நடத்திய ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் தாளில் இருக்கும் குறிகளில் சதுர அடைப்புக்குறி எது, நெளி அடைப்புக்குறி எது, ரூட் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரணம், அவர் படிக்காமல் விட்டதல்ல. அவர் படித்தது ஒரு வகை பிரெயில். வினாத்தாள் வரப்போவது இன்னொரு வகை பிரெயிலில். அது தெரியவந்ததே தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான்.

அந்த மாணவி ஹெலன் கெல்லர். பார்வையும் செவித்திறனும் இல்லாமல் வளர்ந்து, பட்டம் பெற்று, உலகம் சுற்றியவர் என்று பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே நமக்கு அறிமுகமானவர். தண்ணீர்க் குழாய் கதையும் பலருக்குத் தெரியும். அவர் கல்லூரிக்குள் நுழைய எழுதிய தேர்வுகளின் கதை அவ்வளவாகத் தெரியாது. ஸ்க்ரைப், தனி அறை, கூடுதல் நேரம் என்று இன்று நாம் பேசும் எல்லா விஷயங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

யார் இந்த ஹெலன் கெல்லர்?

1880 ஜூன் 27-ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா என்ற சிறிய ஊரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சல், பார்வையையும் செவித்திறனையும் ஒருசேரப் பறித்துக்கொண்டது. அடுத்த ஐந்து வருடங்கள் சைகைகளோடும் கோபத்தோடும் கழிந்தன. பெற்றோர், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லைப் போய்ப் பார்த்தார்கள். காதுகேளாதோர் கல்வியில் ஈடுபாடு கொண்டவர் அவர். பாஸ்டனில் உள்ள பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியை அணுகச் சொன்னார்.

அந்தப் பள்ளி அனுப்பிவைத்தவர்தான் ஆனி சல்லிவன். 1887 மார்ச் 3-ல் ஹெலன் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 20. சிறு வயதில் கண்நோயால் பார்வையை இழந்து, அறுவை சிகிச்சைகளால் ஓரளவு மீட்டவர். பெர்கின்ஸில் படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சல்லிவன் பயன்படுத்தியது விரல் எழுத்து. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம் உண்டு. சொல்பவர் அந்த வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவார். கேட்பவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, தொட்டே வாசிப்பார். 1887 ஏப்ரல் 5-ல் ஒரு கையில் குழாய்த் தண்ணீர் ஓட, மறு கையில் தண்ணீர் என்ற சொல் எழுதப்பட, எல்லாப் பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ஹெலனுக்குப் புரிந்தது. அதன்பின் பிரெயில், எழுத்து, டைப்ரைட்டர், பிற மொழிகள் என்று வேகமாக நகர்ந்தார்.

11 வயதில் வந்த சந்தேகம்

தேர்வு அறைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1891-ம் ஆண்டின் இறுதியில் ஹெலன் ஒரு சிறுகதை எழுதி, பெர்கின்ஸ் பள்ளியின் இயக்குநர் மைக்கேல் அனக்னோசுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அவர் மகிழ்ந்து அதை அச்சில் வெளியிட்டார். கொஞ்ச நாளில் சிக்கல் வந்தது. மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளரின் கதையோடு அது ரொம்பவே ஒத்துப்போயிற்று. சில வருடங்களுக்கு முன் யாரோ ஹெலனுக்கு அந்தக் கதையை விரல் எழுத்தில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கேட்டதை மறந்துவிட்டார், சொற்கள் மட்டும் மனதில் தங்கிவிட்டன.

பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் கொண்ட குழு 1892-ல் விசாரணை நடத்தியது. சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, சிறுமியிடம் தனியாகக் கேள்வி கேட்டார்கள். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்ற முடிவுக்குக் குழு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவரை விடவேயில்லை: இந்தப் பெண் எழுதுவது இவருடைய சொற்களா, டீச்சருடைய சொற்களா? ஹெலனுக்கே அந்தப் பயம் பல வருடம் இருந்தது.

அதனால்தான் அவர் விஷயத்தில் தேர்வு அறை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது. கேள்வியை அவரிடம் கொண்டுசேர்க்க ஒருவர் உதவ வேண்டும். பதில் முழுக்க அவருடையதுதான் என்று வெளியே இருப்பவர்கள் நம்பவும் வேண்டும். உதவி கூடினால் சந்தேகம் கூடும். கட்டுப்பாடு கூடினால் மாணவி மாட்டிக்கொள்வார். இன்றைக்கும் ஸ்க்ரைப் விதிகளைப் பற்றி நடக்கும் பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

கல்லூரிக் கனவு

சிறுமியாக இருந்தபோதே ஹார்வர்டில் படிப்பேன் என்று ஹெலன் அறிவித்துவிட்டார். ஹார்வர்டு அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. பக்கத்திலேயே பெண்களுக்காக இருந்தது ராட்கிளிஃப் கல்லூரி. ஹார்வர்டு பேராசிரியர்களே அங்கும் பாடம் எடுத்தார்கள். நுழைவுத் தேர்வுக்கும் ஹார்வர்டின் வினாத்தாள்தான்.

அதற்குத் தயாராக 1896 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அதன் தலைவர் ஆர்தர் கில்மன், ராட்கிளிஃப் கல்லூரி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். பார்க்கவும் கேட்கவும் முடியாத மாணவர் யாருக்கும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அதுவரை பாடம் எடுத்ததில்லை.

வகுப்பில் சல்லிவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் பேசுவதையெல்லாம் ஹெலன் கையில் எழுதிக்கொண்டே இருப்பார். குறிப்பு எடுக்க வழியில்லை. மற்ற மாணவிகள் காதால் கேட்டுக் கையால் எழுதுவார்கள். ஹெலனுக்கோ கேட்பதும் கையால்தான். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து டைப் செய்ய வேண்டும். பாடப்புத்தகங்கள் பல, பிரெயிலில் கிடைக்கவில்லை. அவற்றையெல்லாம் சல்லிவன் தன் பலவீனமான கண்களால் படித்து, வரி வரியாகக் கையில் எழுதினார். ஜெர்மன் ஆசிரியையும் கில்மனும் ஹெலனுக்காகவே விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். வேகம் குறைவுதான். ஆனாலும் அந்த முயற்சி அடுத்த கோடையில் பெரிய பலன் தந்தது.

முதல் அறை: 1897

ராட்கிளிஃப் நுழைவுத் தேர்வு மொத்தம் 16 மணி நேரம். அதைப் பகுதி பகுதியாக எழுதலாம். முதல் பகுதியை ஹெலன் 1897 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை எழுதினார். ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம், கிரேக்க - ரோமானிய வரலாறு என்று 9 மணி நேரத் தாள்கள்.

ஏற்பாடு எப்படி இருந்தது?

காலை 9 மணிக்கு ஹார்வர்டில் வினாத்தாள் வெளியாகும். அங்கிருந்து ஒரு தூதர் ராட்கிளிஃபுக்கு எடுத்து வருவார். தேர்வர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஹெலனின் எண் 233. ஆனால் அவர் மட்டுமே டைப்ரைட்டரில் எழுதியதால், விடைத்தாள் யாருடையது என்பதை மறைக்க முடியவில்லை. டைப்ரைட்டர் சத்தம் மற்ற மாணவிகளைத் தொந்தரவு செய்யும் என்பதால் தனி அறை கொடுத்தார்கள். யாரும் குறுக்கே வராமல் இருக்க வாசலில் ஒரு காவலர்.

உள்ளே சல்லிவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் கில்மன். வினாத்தாளை முதலில் முழுவதும் விரல் எழுத்தில் படித்துக் காட்டினார். பிறகு வாக்கியம் வாக்கியமாக. ஒவ்வொன்றையும் ஹெலன் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பதிலை டைப் செய்து முடித்ததும் இன்னொரு முக்கியமான வேலை நடந்தது. ஹெலன் எழுதியதை கில்மன் அவருக்கே படித்துக் காட்டினார். எங்கே மாற்ற வேண்டும் என்று ஹெலன் சொல்ல, கில்மன் அதைத் தாளில் சேர்த்தார். கடைசியில், 233-ம் எண் தேர்வர்தான் இதை எழுதினார் என்று சான்றிதழ் வைத்து விடைத்தாளை அனுப்பினார்.

படித்துக் காட்டுவது ஏன் அவ்வளவு முக்கியம்? நாம் தேர்வு எழுதும்போது கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன செய்வோம்? விடைத்தாளைத் திரும்பிப் பார்ப்போம். பார்வையற்ற ஒருவர் டைப்ரைட்டரில் அடித்த தாளை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது. ஒரு விசை தவறி விழுந்தால்கூடத் தெரியாது. படித்துக் காட்ட ஆள் இருந்தால்தான், மற்ற எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம் அவருக்கும் கிடைக்கும்.

ரிசல்ட்? எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதி.

நடுவில் வந்த விரிசல்

இரண்டாவது வருடம் கணக்கும் இயற்பியலும் வந்தன. வகுப்பில் கூட்டம் அதிகம். ஹெலனுக்கெனத் தனியாகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பிரெயில் புத்தகங்களும் கருவிகளும் வந்துசேரத் தாமதம். கரும்பலகையில் வரையும் ஜியாமெட்ரி படங்களை ஹெலன் எப்படிப் பின்தொடர்வது? ஒரு மெத்தையின் மேல் நேர்கம்பிகளையும் வளைகம்பிகளையும் குத்திவைத்து, தானே உருவங்களை அமைத்துத் தொட்டுப் பார்த்தார்.

இதற்கிடையே ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார் என்று கில்மன் நினைத்தார். பாட வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார். சல்லிவன் ஒப்புக்கொள்ளவில்லை. தகராறு முற்றி, 1897-ம் ஆண்டின் இறுதியில் ஹெலனின் அம்மா மகளைப் பள்ளியிலிருந்தே அழைத்துக்கொண்டார். அதன்பின் மெர்ட்டன் கீத் என்ற ஆசிரியர் தனியாகப் பாடம் எடுத்தார். வகுப்பின் வேகத்துக்கு ஓட வேண்டியதில்லை. புரியாததை நிறுத்திக் கேட்கலாம். பயந்துகொண்டிருந்த கணக்கும் ஒருவழியாகப் பிடிபட்டது.

இரண்டாவது அறை: 1899

மிச்சமிருந்த தாள்கள் 1899 ஜூன் 29, 30 தேதிகளில். முதல் நாள் அடிப்படை கிரேக்கமும் உயர்நிலை லத்தீனும். இரண்டாம் நாள் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா, உயர்நிலை கிரேக்கம்.

இந்த முறை கேள்விகளை விரல் எழுத்தில் படித்துக் காட்ட யாரும் இல்லை. சல்லிவன் படித்துக் காட்டக் கல்லூரி அனுமதிக்கவில்லை. பழைய சந்தேகங்களை நினைத்தால் அந்த முடிவு புரிந்துகொள்ளக்கூடியதுதான். அவருக்குப் பதிலாக, பெர்கின்ஸ் பள்ளியின் ஆசிரியர் யூஜின் வைனிங்கை நியமித்தார்கள். வினாத்தாளை அமெரிக்கப் பிரெயிலில் நகலெடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஹெலனுக்கு அவர் அறிமுகமே இல்லாதவர். பிரெயிலில் எழுதிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில் ஹெலனோடு பேச அவருக்குத் தெரியாது. கண்காணிப்பாளரும் புதியவர், அவர் பேச முயற்சிக்கவே இல்லை.

இங்கே பிரெயில் பற்றி ஒரு விளக்கம் தேவை. அன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரே பிரெயில் கிடையாது. பிரான்சில் பிறந்த முறையைப் பின்பற்றிய ஆங்கிலப் பிரெயில் ஒன்று. அதிகம் வரும் எழுத்துகளுக்குக் குறைந்த புள்ளிகள் என்று மாற்றியமைத்த அமெரிக்கப் பிரெயில் இன்னொன்று. இரண்டு வரிசைப் புள்ளிகளில் அமைந்த நியூயார்க் பாயின்ட் மூன்றாவது. ஒன்றில் ஓர் எழுத்தைக் குறிக்கும் புள்ளிகள், மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறிக்கும். ஹெலனுக்கு மூன்றிலும் கதை, கட்டுரை படிக்க வரும். அதனால் மொழித் தாள்களில் பெரிய சிக்கல் இல்லை.

கணக்கில்தான் மாட்டிக்கொண்டார். கூட்டல், பெருக்கல், அடைப்புக்குறி, ரூட் என்று எல்லாக் குறிகளும் மூன்று முறைகளிலும் வேறு வேறு. அல்ஜீப்ராவை ஹெலன் படித்தது ஆங்கிலப் பிரெயில் குறிகளில் மட்டுமே. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வைனிங் பழைய ஹார்வர்டு வினாத்தாள் ஒன்றை நகலெடுத்து அனுப்பினார். தொட்டுப் பார்த்தால் அமெரிக்கக் குறிகள். ஹெலன் உடனே கடிதம் எழுதினார். பதில் தபாலிலேயே இன்னொரு தாளும் குறிகளின் அட்டவணையும் வந்தன. இருந்த நேரத்தில் ஒரு புதிய குறி மொழியையே கற்க வேண்டிய நிலை. அந்த இரவைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

மறுநாள் ஹெலனும் கீத்தும் தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்பே கல்லூரிக்குப் போனார்கள். குறிகளை இன்னும் கொஞ்சம் தெளிவாக விளக்கும்படி வைனிங்கிடம் கேட்டுக்கொண்டார்கள். அவரும் விளக்கினார். அவ்வளவுதான் அவகாசம்.

ஜியாமெட்ரியிலும் சோதனைதான். தேற்றங்களைக் கையில் எழுதக் கேட்டோ, மேடாக அச்சிட்ட சாதாரண ஆங்கில எழுத்தில் தடவியோதான் ஹெலனுக்குப் பழக்கம். பிரெயிலில் வந்தபோது தலைகால் புரியவில்லை. அல்ஜீப்ராவில் நேற்றுக் கற்ற குறிகள் ஒன்றோடொன்று குழம்பின. கணக்கை மனதிலோ பிரெயிலிலோ போட்டுப் பழகியவர், இப்போது டைப்ரைட்டரில் படி படியாக எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் பார்க்கவும் முடியாது. என்ன கேட்கிறார்கள் என்று உறுதி செய்யவே ஒவ்வொரு கேள்வியையும் மீண்டும் மீண்டும் தடவ வேண்டியிருந்தது. எழுதி முடித்ததைப் படித்துக் காட்ட யாரும் இல்லை.

இரண்டு அறைகளுக்கும் என்ன வித்தியாசம்?

- கேள்வி வந்த விதம்: 1897-ல் பழகிய விரல் எழுத்து. 1899-ல் கணக்குக்குப் பழகாத பிரெயில்.
- பக்கத்தில் இருந்தவர்: 1897-ல் ஹெலனோடு பேசத் தெரிந்தவர். 1899-ல் அறிமுகமில்லாத இருவர். ஒருவரால் பிரெயிலில் மட்டுமே பேச முடியும், இன்னொருவர் பேசவே இல்லை.
- புரிந்ததா என்ற சோதனை: 1897-ல் ஒவ்வொரு வாக்கியமும் திருப்பிச் சொல்லப்பட்டது. 1899-ல் அப்படி எதுவும் இல்லை.
- சரிபார்க்கும் வாய்ப்பு: 1897-ல் விடை படித்துக் காட்டப்பட்டது. 1899-ல் இல்லை.
- முன்தயாரிப்பு: 1897-ல் பழைய ஹார்வர்டு தாள்களை கில்மனே முன்கூட்டி எழுதவைத்துப் பார்த்திருந்தார். 1899-ல் வினாத்தாளின் வடிவம் தெரிந்ததே இரண்டு நாள் முன்பு.

கவனிக்க வேண்டியது, ஹெலனுக்கு ஏற்பாடே செய்யவில்லை என்று 1899-ல் யாரும் சொல்லியிருக்க முடியாது. பணம் கொடுத்து ஆள் வைத்தார்கள். பிரெயிலில் தாள் தயாரித்தார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாமே சரி. எந்த பிரெயில் என்று அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தேர்விலும் ஹெலன் தேறினார்; லத்தீனில் பாராட்டோடு. பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது யார் மேலும் பழி போடவில்லை. தேர்வைத் தனக்கு எவ்வளவு கடினமாக்கினார்கள் என்பது கல்லூரி நிர்வாகத்துக்கே தெரிந்திருக்கவில்லை என்றே எழுதினார். முதல் கட்டத்தில் அதிகமாகவும் இரண்டாம் கட்டத்தில் குறைவாகவும் மதிப்பெண் வந்திருந்தால் அதற்கு ஒரு காரணம், எழுதியதைப் படித்துக் காட்ட ஆள் இல்லாததுதான் என்பதையும் பதிவு செய்தார்.

கல்லூரிக்குள்

தேறிய பிறகும் ராட்கிளிஃப் கதவு உடனே திறக்கவில்லை. முழுப் பட்டப்படிப்பு வேண்டாமே என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். மேலும் ஒரு வருடம் கீத்திடம் படித்தார். 1900 மே மாதம் கல்லூரியின் கல்விக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதி, வழக்கமான படிப்பிலேயே சேர முடியுமா என்று நேரடியாகக் கேட்டார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேர்ந்தார்.

அங்கே தேர்வுகளில், எழுதியதைப் படித்துக் காட்டும் வசதி கிடையாது. நேரம் முடிவதற்குள் எழுதி முடித்தால், நினைவில் இருக்கும் தவறுகளை மட்டும் தாளின் கடைசியில் திருத்தக் குறிப்பாக டைப் செய்வார். ஹாம்மண்ட் என்ற டைப்ரைட்டரை அவர் விரும்பியதற்கும் காரணம் இருந்தது. அதில் எழுத்துத் தொகுதியைக் கழற்றி மாற்றலாம். கிரேக்கம், பிரெஞ்சு, கணிதக் குறிகள் என்று தேவைக்கேற்ப அடிக்கலாம்.

ஆங்கில வகுப்பில் எழுதிய கட்டுரைகள், ஆசிரியர் சார்லஸ் கோப்லாண்டின் ஊக்கத்தால் சுயசரிதையாக வளர்ந்தன. 1903-ல் அது புத்தகமாக வந்தபோது ஹெலன் இன்னும் மாணவிதான். 1904-ல் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். பார்வையும் செவித்திறனும் இல்லாத ஒருவர் இளங்கலைப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

பட்டத்துக்குப் பிறகு

அதன்பின் 64 ஆண்டுகள் வாழ்ந்தார். சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பெண்கள் வாக்குரிமைக்காகப் பேசினார். 1920-ல் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் தொடங்கப்பட்டபோது நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளைக்காக உழைத்தார். 39 நாடுகளுக்குப் போனார். 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். ஆனி சல்லிவன் 1936-ல் இறந்தார். ஹெலன் 1968 ஜூன் 1-ல், 88-வது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு காலமானார்.

தேர்வு இரவில் அவரைத் திணறவைத்த பிரெயில் குழப்பமும் மெல்லத் தீர்ந்தது. ஆளுக்கொரு முறை வேண்டாம், ஒரே பிரெயில் போதும் என்று குரல் கொடுத்தவர்களில் ஹெலனும் ஒருவர். 1932-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் பொதுவான ஆங்கிலப் பிரெயிலுக்கு ஒப்புக்கொண்டன. 1952-ல் பார்வையற்ற கணிதவியலாளர் ஆபிரகாம் நெமெத் உருவாக்கிய கணிதக் குறிமுறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் தமிழ் உட்பட நம் மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்பட்டது.

இன்று இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற மாற்றங்களைச் செய்வதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. நம் ஊர் பொதுத்தேர்வு அறிவிப்புகளில் சொல்வதை எழுதுபவர் என்று வருபவர்தான் அந்த உதவியாளர், அதாவது ஸ்க்ரைப்.

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைப் படித்தால், ஹெலனின் இரண்டாவது அறையைப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரி இருக்கும். 2018-ல் அதில் இருந்த சில அம்சங்கள்:

- ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம். 3 மணி நேரத் தேர்வு என்றால் 1 மணி நேரம் கூடுதல்.
- பிரெயில், கணினி, பெரிய எழுத்து என்று எந்த வடிவில் எழுதுவது என்பதை இயன்றவரை தேர்வரே தேர்ந்தெடுக்கலாம்.
- ஸ்க்ரைபைத் தேர்வரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்கலாம் என்று 2018-ல் இருந்தது. அமைப்பு தரும் ஸ்க்ரைபைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்து, சரிப்பட்டு வருவாரா என்று பார்க்கலாம்.
- வெவ்வேறு தாளுக்கு, குறிப்பாக மொழித் தாள்களுக்கு, வெவ்வேறு ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளலாம்.
- கணினியில் எழுதுபவர்கள் ஒரு நாள் முன்பே அதை இயக்கிப் பார்க்கலாம்.
- தேர்வு அறை முடிந்தவரை தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.

40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு என்றால் உதவி கிடையாதா என்ற கேள்வியும் நீதிமன்றம் வரை போனது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு யுபிஎஸ்சி தேர்வரின் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஸ்க்ரைப் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எழுதுவதில் உண்மையான சிரமம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சதவீதத்தைக் காட்டி மறுக்க முடியாது என்பது அதன் சாரம். அதையொட்டி 2022-ல் தனி வழிகாட்டுதலும் வந்தது.

தேர்வு எழுதப்போகிறவர்கள், தேர்வு நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

விதி இருந்தாலும் ஒவ்வொரு வாரியத்துக்கும் தேர்வாணையத்துக்கும் விண்ணப்பத் தேதியும் படிவமும் மாறும். ஹால் டிக்கெட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், விண்ணப்பிக்கும்போதே ஸ்க்ரைப், வினாத்தாள் வடிவம், கூடுதல் நேரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. கணக்கு, அறிவியல் தாள் என்றால் குறிகளையும் சூத்திரங்களையும் ஸ்க்ரைபோடு உட்கார்ந்து ஒருமுறை சொல்லி எழுதவைத்துப் பாருங்கள்.

அறை ஒதுக்கும் பள்ளி, கல்லூரி அலுவலர்களுக்கு வேலை அதைவிடச் சின்னதுதான். தேர்வருக்கு ஒரு போன் போட்டு, எதில் படிப்பீர்கள், எதில் எழுதுவீர்கள், யார் உட்கார்ந்தால் சரியாக இருக்கும் என்று கேட்க வேண்டும். அந்த போன் சில வாரங்கள் முன்பே போக வேண்டும். வைனிங்கின் மாதிரித் தாள் ஹெலனுக்கு ஒரு மாதம் முன்பே போயிருந்தால், ஜூன் 29-ம் தேதி இரவில் அவர் அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டாமல் அல்ஜீப்ரா போட்டுப் பார்த்திருப்பார்.